திருக்கோவிலூரில் திறக்கப்பட்ட கணக்கு நோட்டு

67,46,32,83,88,800.

ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. மூச்சு வாங்கி வாசிக்க வேண்டிய இந்த எண், 1915ஆம் ஆண்டு இலண்டனில் அச்சான ஒரு கணிதக் கட்டுரையின் பட்டியலில் கடைசியாக நிற்கிறது. இதை மிச்சமில்லாமல் வகுக்கக்கூடிய எண்கள் மொத்தம் 10,080. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது.

கால்குலேட்டரும் கணினியும் இல்லாத காலத்தில் இதைக் கணக்கிட்டவர், கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் குமாஸ்தா ஒருவரின் மகன். கல்லூரித் தேர்வில் மீண்டும் மீண்டும் தோற்று, பட்டம் இல்லாமல் வேலை தேடி அலைந்தவர். சீனிவாச இராமானுஜன் என்ற அவரது பெயர் இன்று நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அவர் பிறந்த டிசம்பர் 22ஆம் தேதியைத் தேசிய கணித நாளாகப் பள்ளிகள் கொண்டாடுகின்றன. ஆனால் அந்த வாழ்க்கை திசை திரும்பிய ஊர்களில் ஒன்று நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூர் என்பது இந்தப் பகுதி மக்களிலேயே பலருக்குத் தெரியாது. பிள்ளைகளை வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு இது.

ஜவுளிக்கடைக் குமாஸ்தாவின் மகன்

இராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதுபவர். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பாடிச் சிறு வருமானம் ஈட்டினார். இரண்டு வயதில் பெரியம்மை கண்டு பிழைத்த பிள்ளை அவர். பின்னால் பிறந்த தம்பி தங்கைகள் சிலர் குழந்தையாக இருக்கும்போதே இறந்தார்கள்.

வருமானம் போதாததால் வீட்டில் கல்லூரி மாணவர்களைத் தங்க வைத்துச் சாப்பாடு போட்டார்கள். அந்த மாணவர்களின் புத்தகங்கள்தாம் இராமானுஜனுக்கு நூலகம். லோனி என்ற ஆங்கிலேயர் எழுதிய திரிகோணமிதி நூலைப் பள்ளிப் பருவத்திலேயே முழுதும் முடித்தார். 16 வயதில் ஜி. எஸ். கார் என்பவர் தொகுத்த தடித்த நூல் ஒன்று கைக்கு வந்தது. ஏறத்தாழ 5,000 கணித முடிவுகளை வரிசையாக அடுக்கி, விளக்கம் அதிகம் இல்லாமல் எழுதப்பட்ட புத்தகம் அது. மற்றவர்களுக்கு அது தேர்வுக்கான குறிப்பு. இராமானுஜனோ ஒவ்வொரு வரியையும் தாமே நிறுவிப் பார்த்தார். அங்கிருந்து புதியவற்றைத் தேடத் தொடங்கினார்.

1904ல் டவுன் ஹைஸ்கூலில் கணிதப் பரிசு வாங்கி வெளியே வந்தவருக்குக் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. சோதனை அதற்குப் பிறகுதான். கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்க மனம் ஒப்பவில்லை. ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை போனது. 1905ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். திரும்பி வந்து 1906ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்தில் முதன்மை, மற்ற பாடங்களில் தோல்வி. எஃப்.ஏ. தேர்வை மறுபடி எழுதினார், மறுபடி தோல்வி. பட்டம் என்ற கதவு அடைபட்டது.

இதைச் சொல்லும்போது ஒரு விஷயத்தைச் சேர்த்தே சொல்ல வேண்டும். மற்ற பாடங்களை அலட்சியம் செய்ததை அவரது பெருமையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது. அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. 17 வயது முதல் 23 வயது வரை, ஒருவர் மிகச் சிறப்பாக உழைக்கக்கூடிய ஆண்டுகளை, பசியோடும் தனிமையோடும் கழித்தார். காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, இறுதி விடையை மட்டும் நோட்டில் எழுதினார். ஐரோப்பாவில் ஏற்கெனவே கண்டுபிடித்து முடித்த பலவற்றை, அது தெரியாமலேயே தாமும் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். வழிகாட்ட ஒருவர் இருந்திருந்தால் அந்த உழைப்பு மிச்சமாகியிருக்கும்.

திருக்கோவிலூர் பயணம்

1909 ஜூலையில் அவருக்கும் ஜானகி என்ற சிறுமிக்கும் அந்தக் கால வழக்கப்படி திருமணம் நடந்தது. இப்போது சம்பாதிக்க வேண்டும். நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை தேடிப் புறப்பட்டார்.

1910ல் கும்பகோணத்திலிருந்து ரயிலேறி, விழுப்புரத்தில் வண்டி மாறி, திருக்கோவிலூரில் இறங்கினார். தென்பெண்ணை ஆற்றங்கரையில் உள்ள இவ்வூர் அன்று தென்னாற்காடு மாவட்டத்தில் ஒரு தாலுகாவின் தலைமையிடம். கள்ளக்குறிச்சியும் மேற்கே கல்வராயன் மலையை ஒட்டிய ஊர்களும் அதே தென்னாற்காட்டில்தான் இருந்தன. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது திருக்கோவிலூரும் அதில் சேர்ந்தது.

திருக்கோவிலூரில் அப்போது துணை கலெக்டராக இருந்தவர் வி. இராமஸ்வாமி ஐயர். வருவாய்த் துறை அதிகாரியான அவர் கணிதத்தில் தீராத ஆர்வம் கொண்டவர். 1907ல் ஒத்த ஆர்வமுள்ள சிலரைக் கடிதம் மூலம் திரட்டி, இந்தியக் கணிதக் கழகமாகப் பின்னர் வளர்ந்த அமைப்பைத் தோற்றுவித்தவர் அவரே. இராமானுஜன் அவரிடம் கேட்டது தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை. தகுதிக்குச் சான்றாகக் காட்டியது அந்த நோட்டு.

இராமஸ்வாமி ஐயர் நோட்டைத் திறந்து பார்த்தார். பக்கத்துக்குப் பக்கம் கண்ட முடிவுகள் அவரை வியக்க வைத்தன. வேலை கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இருந்தும் கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட திறமையை வருவாய்த் துறையின் அடிமட்ட வேலையில் போட்டுப் புதைத்துவிடக் கூடாது என்று எண்ணினார். அதற்குப் பதிலாகச் சென்னையில் இருந்த தம் கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் எழுதிக் கொடுத்தார்.

அன்று அவர் செலவழித்தது கொஞ்ச நேரம், சில தாள்கள். ஆனால் நோட்டைத் திறந்து பார்க்கும் பொறுமையும், பார்த்ததைப் புரிந்துகொள்ளும் அறிவும், தம்மால் முடியாததைச் செய்யக்கூடியவரிடம் அனுப்பும் பெருந்தன்மையும் அந்த ஒருவரிடம் சேர்ந்து இருந்தன.

கை மாறிய கடிதங்கள்

கும்பகோணம் கல்லூரியில் இராமானுஜனுக்குப் பாடம் நடத்திய சேஷு ஐயர் அப்போது சென்னையில் இருந்தார். அவர் வழியாக நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவைச் சந்திக்கும் வாய்ப்பு வந்தது. ராவ் முதலில் நம்பவில்லை. நோட்டை விளக்கக் கேட்ட பிறகுதான், எதிரே இருப்பவர் யார் என்பது புரிந்தது. மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்தார். பிறர் பணத்தில் நெடுநாள் வாழ இராமானுஜன் விரும்பவில்லை. 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கே கணக்கதிகாரி நாராயண ஐயரும் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருக்குத் துணை நின்றார்கள். மேலதிகாரியான நாராயண ஐயர், இரவில் தாமும் ஒரு சிலேட்டை எடுத்துக்கொண்டு இந்தக் குமாஸ்தாவுடன் கணக்குப் போட உட்காருவார்.

1913 ஜனவரி 16 அன்று இராமானுஜன் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜி. எச். ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். அதற்கு முன்பு எழுதிய வேறு பேராசிரியர்களால் பலன் இல்லை. ஹார்டியும் முதலில் சந்தேகப்பட்டார். அன்றிரவே நண்பர் லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து அலசியபோது, இதை எழுதியவர் முதல் தரக் கணித மேதை என்று இருவரும் உறுதிகொண்டார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது. 1914 மார்ச் 17 அன்று நெவாசா என்ற கப்பலில் இங்கிலாந்து புறப்பட்டார். கடல் கடப்பது அவரது சமூகத்தில் விலக்கப்பட்ட காலம் அது. தாயின் சம்மதம் கிடைக்கவே நாளானது.

எண்களின் வகைகள்

எண்களைக் குணம் பார்த்து வகைப்படுத்துவது மிகப் பழைய கலை. 6ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தன்னைத் தவிர்த்த அதன் காரணிகள் 1, 2, 3. கூட்டினால் 6. இது நிறைவெண். 8க்கு 1, 2, 4. கூட்டினால் 7, அதாவது குறைவெண். 12க்கு 1, 2, 3, 4, 6. கூட்டினால் 16, எனவே மிகைவெண். கிரேக்கர்களிடமிருந்து வந்த இந்த வகைகளை அரபு மொழி அறிஞர்கள் ஆழமாக ஆராய்ந்தார்கள். ஒன்றன் காரணிகளைக் கூட்டினால் மற்றொன்று வரும் 220, 284 போன்ற இணைகளைக் கண்டறிய ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஸாபித் இப்னு குர்ரா பொதுவிதி தந்தார். 17,296, 18,416 என்ற பெரிய இணையைக் கமாலுத்தீன் அல்ஃபாரிஸி கண்டெடுத்தார்.

இராமானுஜன் இந்தப் பழைய துறைக்குப் புதிய கேள்வியுடன் வந்தார். காரணிகளின் கூட்டுத்தொகையை விட்டுவிட்டு, அவற்றின் எண்ணிக்கையைப் பார்த்தார். தனக்கு முன்னால் உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்கள் எவை? 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று அந்த வரிசை போகிறது. இவற்றை உயர் பகு எண்கள் என்று சொல்லலாம். 12 மாதம், 24 மணி நேரம், 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை என மனிதன் பங்கு போடத் தேர்ந்தெடுத்த எண்கள் பலவும் இந்த வரிசையில் இருக்கின்றன.

வாரிசுரிமைக் கணக்கும் 24உம்

நம் வீடுகளில் இதற்கு மிக நெருக்கமான உதாரணம் ஃபராயிள் என்னும் வாரிசுரிமைக் கணக்கு. ஒருவர் மனைவி, தாய், தந்தை, ஒரு மகன் ஆகியோரை விட்டு இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, தந்தைக்கு ஆறில் ஒன்று, மீதி மகனுக்கு. சொத்தை எத்தனை பங்காக்கினால் பின்னம் இல்லாமல் பிரிக்கலாம்? 24. மனைவிக்கு 3, தாய்க்கு 4, தந்தைக்கு 4, மகனுக்கு 13.

மதரஸா மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் அடிப்படை எண்கள் ஏழு: 2, 3, 4, 6, 8, 12, 24. இவற்றில் 2, 4, 6, 12, 24 ஆகிய ஐந்தும் இராமானுஜனின் பட்டியலில் உள்ளவை. 3 அதில் இல்லை. ஏனென்றால் 2க்கு உள்ள அதே எண்ணிக்கைக் காரணிகள்தாம் 3க்கும். 8ம் இல்லை, ஏனென்றால் நான்கு காரணிகளை 6 முன்பே பெற்றுவிட்டது. வாரிசுரிமைச் சட்டம் கேட்கும் கேள்வியும் இராமானுஜன் கேட்ட கேள்வியும் ஒன்றல்ல. ஆனால் மிச்சமில்லாமல், யாருக்கும் குறையாமல் பிரிவது எப்படி என்ற கவனம் இரண்டுக்கும் பொது.

ஓர் எண்ணுக்கு எத்தனை காரணிகள் என்று அறிய எளிய வழி உண்டு. அதைப் பகா எண்களின் பெருக்கலாகப் பிரியுங்கள். 24 என்பது 2 மூன்று முறை, 3 ஒரு முறை. ஒவ்வொரு முறையுடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 4 × 2 = 8. ஆகவே 24க்கு எட்டுக் காரணிகள்: 1, 2, 3, 4, 6, 8, 12, 24. பத்தாம் வகுப்புப் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் 60க்கும் 360க்கும் இப்படிச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். விடைகள் 12, 24.

கடைசி எண்ணும் விடுபட்ட எண்ணும்

இப்போது தொடக்கத்தில் சொன்ன பெரிய எண்ணுக்கு வருவோம். 67,46,32,83,88,800ஐப் பிரித்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரண்டு முறை, 7 இரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றும் ஒரு முறை வரும். ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2. விடை 10,080.

அந்த அடுக்குகளின் வரிசையைப் பாருங்கள்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. எங்கும் ஏறவில்லை, இறங்குகிறது அல்லது சமமாக நிற்கிறது. எல்லா உயர் பகு எண்களும் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவை என்று இராமானுஜன் நிறுவினார். கடைசியில் வரும் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும் என்பதையும், 4, 36 என்ற இரண்டு மட்டுமே அதற்கு விலக்கு என்பதையும் காட்டினார். இப்படி ஒழுங்கு தெரிந்த பிறகு கோடிக்கணக்கான எண்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டியதில்லை. பொருந்தாதவற்றைத் தள்ளிவிட்டுத் தேடலாம். ஆனாலும் அது மலைக்க வைக்கும் உழைப்பு.

அறுபது பக்கங்களுக்கு மேல் நீண்ட அந்தக் கட்டுரை 1915ல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. போர்க்காலப் பண நெருக்கடியால் ஒரு பகுதி அச்சாகாமல் நின்றுபோனது. அது 1997ல்தான் அச்சு கண்டது. இந்த ஆய்வுக்காகவே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது. கும்பகோணத்திலும் சென்னையிலும் கிடைக்காத பட்டம் அது.

சுமார் நூறு எண்கள் கொண்ட அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டுவிட்டது என்பதைப் பிற்காலத்தவர் கண்டார்கள். அது 2,93,31,86,25,600. அதற்கு 5,040 காரணிகள். பட்டியலில் இடம்பெற எல்லாத் தகுதியும் உள்ள எண். அதை 23ஆல் பெருக்கினால் என்ன வருகிறது தெரியுமா? 67,46,32,83,88,800. பட்டியலின் கடைசியில் நிற்கும் அதே எண்! பேரன் பட்டியலில் இருக்க, பாட்டனின் பெயர் விடுபட்டதுபோல் ஆகிவிட்டது. இது இராமானுஜனின் மதிப்பைக் குறைக்கவில்லை. மனிதன் போடும் எந்தப் பட்டியலிலும், எத்தனை பெரிய அறிவாளி போட்டாலும், தகுதியுள்ள ஒன்று விடுபட இடம் உண்டு.

போர்க்காலத்துக் கேம்பிரிட்ஜ்

இராமானுஜன் போய்ச் சேர்ந்த சில மாதங்களில் முதல் உலகப் போர் தொடங்கியது. அவர் கண்டிப்பான சைவ உணவுக்காரர். கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிடாமல் தம் அறையில் தாமே சமைத்துக்கொண்டார். போரில் காய்கறியும் மற்றப் பொருளும் தட்டுப்பட்டன. குளிர் வேறு. வெளிநாட்டுக்குப் படிக்கப் போன மகன் ஹலால் உணவுக்கு என்ன செய்கிறானோ என்று தொலைபேசியில் விசாரிக்கும் நம் தாய்மார்களுக்கு இந்தக் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை. அவருக்கு அப்படி விசாரிக்கத் தொலைபேசியும் இல்லை. போரில் கடிதமும் ஒழுங்காக வரவில்லை.

உழைப்பு மட்டும் நிற்கவில்லை. ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்ற கேள்வியில் ஹார்டியும் அவரும் சேர்ந்து இறங்கினார்கள். 4ஐ ஐந்து விதமாகப் பிரிக்கலாம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. எண் பெரிதாக ஆக இது கட்டுக்கடங்காமல் வளரும். 200ஐப் பிரிக்கும் விதங்கள் 39,72,99,90,29,388. மக்மஹோன் என்ற கணித அறிஞர் இதைக் கையால் கணக்கிட்டு வைத்திருந்தார். ஹார்டியும் இராமானுஜனும் கண்ட வாய்பாடு அந்த எண்ணையே தந்தது. அத்தோடு, 4, 9, 14, 19 என 4இலோ 9இலோ முடியும் எண்களைப் பிரிக்கும் விதங்கள் எப்போதும் 5ஆல் வகுபடும் என்பதையும் இராமானுஜன் கண்டார். 4க்கு 5, 9க்கு 30, 14க்கு 135 விதங்கள்.

1917ல் உடல் படுத்தது. காசநோய் என்று மருத்துவர்கள் கருதினார்கள். குடலிலிருந்து கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர் ஒருவரின் கருத்து. மருத்துவமனை மாற்றி மருத்துவமனை. இலண்டன் பட்னியில் அவர் படுத்திருந்தபோது பார்க்க வந்த ஹார்டி, தாம் வந்த வாடகைக் காரின் எண் 1729 என்றும், அதில் விசேஷம் எதுவும் இல்லை என்றும் பேச்சுவாக்கில் சொன்னார். இராமானுஜன் உடனே மறுத்தார். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது அது என்றார். 12இன் கனம் 1728, அதோடு 1. 10இன் கனம் 1000, 9இன் கனம் 729. இரண்டும் 1729.

அந்த எண்ணுக்கு வேறு குணங்களும் உண்டு. அது 7 × 13 × 19. பகா எண்களுக்குரிய ஒரு பழைய சோதனையில், பகு எண்ணாக இருந்தும் தேறிவிடும் அரிய எண்களில் ஒன்று. இலக்கங்களைக் கூட்டினால் 19. அந்த 19ஐ அதன் தலைகீழான 91ஆல் பெருக்கினால் மீண்டும் 1729. சாதாரணம் என்று ஒதுக்கிய ஒன்றைக் கூர்ந்து பார்த்தால் என்னென்ன வெளிவருகிறது!

1918 மே மாதம் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அதே ஆண்டு அக்டோபரில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியரானார். திருக்கோவிலூரில் குமாஸ்தா வேலை கேட்டு நின்று எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

திரும்பி வந்தவர்

போர் முடிந்ததும் 1919 ஏப்ரலில் சென்னை திரும்பினார். எலும்பும் தோலுமாக வந்தார். கொடுமுடி, கும்பகோணம், சென்னை என்று இடம் மாற்றி மருத்துவம் பார்த்தார்கள். அந்த நிலையிலும் எழுதினார். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் புதியதொரு சார்பு வகையை அறிவித்தார். வலி மறக்க அவருக்குக் கணக்கே மருந்தாக இருந்தது. வேண்டும்போது தாள்களை எடுத்துக் கொடுத்து, எழுதியவற்றைப் பத்திரப்படுத்தியவர் ஜானகி.

1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் அவர் உயிர் பிரிந்தது. வயது 32. கடைசி ஓராண்டில் எழுதிய தாள்கள் இங்கிலாந்து போய், டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. 1976ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் கண்ணில் பட்ட பிறகே அவற்றின் மதிப்பு உலகுக்குத் தெரிந்தது.

21 வயதில் விதவையான ஜானகி அம்மாள் தையல் கற்று, தைத்துச் சம்பாதித்து, திருவல்லிக்கேணியில் நெடுங்காலம் வாழ்ந்தார். ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்துப் படிக்க வைத்தார். 1994ல் இறந்தார். கணவரின் புகழ் உலகம் முழுக்கப் பரவிய காலத்தில், அவர் தையல் இயந்திரத்தில் நிமிர்ந்து வாழ்ந்ததையும் இந்த வரலாற்றின் பகுதியாகவே சொல்ல வேண்டும்.

நம் வீட்டு நோட்டுகள்

தம் திறமை நாமக்கல் தெய்வத்தின் அருள் என்பது இராமானுஜனின் நம்பிக்கை. அறிவை அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே என்பது நம் ஈமான். அவன் அதை எந்த வீட்டில், எந்தப் பிள்ளையிடம் வைப்பான் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. வைக்கப்பட்டதைக் கண்டுகொள்கிறோமா என்பதுதான் நம்மிடம் கேட்கப்படும்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் படிக்கும் பழங்குடிப் பிள்ளையிடம் அது இருக்கலாம். கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் அத்தாவுக்கு உதவியாக நின்று, கால்குலேட்டர் இல்லாமல் சில்லறை கணக்குச் சொல்லும் பையனிடம் இருக்கலாம். மதரஸாவில் வாரிசுரிமைக் கணக்கை உஸ்தாதுக்கு முன்பே முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் மாணவனிடம் இருக்கலாம். பத்தாம் வகுப்போடு போதும் என்று வீட்டில் நிறுத்திவிட்ட பெண் பிள்ளையிடமும் இருக்கலாம்.

இதில் பெற்றோரின் பங்கும் ஜமாஅத்தின் பங்கும் வேறு வேறு. ஒரு பாடத்தில் ஒளிரும் பிள்ளை இன்னொரு பாடத்தில் தடுமாறினால், தடுமாறும் பாடத்துக்கு உடனே துணை தேட வேண்டியது பெற்றோர். இராமானுஜனுக்கு ஆங்கிலப் பாடத்தில் கைகொடுக்க யாராவது இருந்திருந்தால் ஆறு ஆண்டுகள் வீணாகியிருக்காது. ஜமாஅத் செய்யக்கூடியது, தேர்வில் முதலிடம் பெற்றவர்களுக்குப் பரிசு கொடுப்பதோடு நிற்காமல், தோற்றவர்களின் நோட்டையும் ஒருமுறை திறந்து பார்ப்பது. நமக்குப் புரியாவிட்டால் புரிந்தவரிடம் கொண்டுபோகலாம். ஊரில் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் இருப்பார். பக்கத்துக் கல்லூரியில் பேராசிரியர் இருப்பார். அவர் எந்தச் சமூகத்தவர் என்பது இங்கே கேள்வியல்ல.

ஒரு மஹல்லாவில் ஆண்டுக்கு ஒரு நாள், பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்த வாரத்தில், தோற்ற பிள்ளைகளையும் அவர்களது நோட்டுகளையும் அழைத்து உட்கார வைத்து, விஷயம் தெரிந்த இரண்டு பேர் பார்க்கட்டும். பத்தில் ஒன்பது நோட்டில் ஒன்றும் இல்லாமல் போகலாம். அந்தப் பிள்ளைகளுக்கு மறுதேர்வுக்கு வழி சொன்னால் அதுவே போதும். பத்தாவது நோட்டில் ஏதாவது இருந்தால், இராமஸ்வாமி ஐயர் செய்ததுபோல ஒரு கடிதம் எழுதி, அடுத்த ஊருக்கு அனுப்பி வைப்போம்.